சவுக்குமேட்டை முதுகாடு என்றார்கள்

என் அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் பெயர் சவுக்குமேடு. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷனில், தேயிலை முடிகிற விளிம்பில், சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கிற சரிவு அது. அங்கே நின்றால் கீழே கொத்மலை நீர்த்தேக்கத் தண்ணீர் தெரியும் என்பார்கள். நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் யாராவது செத்துப்போனால் 'சவுக்குமேட்டுக்குப் போயிட்டாரு' என்போம். கோபம் வந்தால் பெண்கள் புருஷன்மாரைப் பார்த்து 'சவுக்குமேட்டுக்குப் போய் ஒழி' என்று ஏசுவார்கள். வெளியாள் கேட்டால் மட்டும் சுடுகாடு என்று சொல்லுவோம், யாரையும் அங்கே சுடுவதில்லை என்றாலும். இந்த இரண்டு பெயரும் எங்களுக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது பெயரை ஓர் எழுத்தாளர் கொண்டுவந்தார். முதுகாடு.

நான் தமிழ் ஆசிரியை. அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. பழைய பாட்டுகளில் வரும் சொல் அது. ஊருக்கு வெளியே, கள்ளியும் முள்ளும் மண்டிய காட்டில், தாழிகளில் வைத்துப் புதைக்கப்பட்டவர்கள் கிடக்கிற இடம். கூகை அலறும். பேய்கள் நடமாடும். எத்தனை பெரிய அரசனும் கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டும் என்று புலவர்கள் அறிவுரை சொல்லுவார்கள். வகுப்பில் இதைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். முதுமை என்பதிலிருந்து வந்த முது என்று கரும்பலகையில் பிரித்து எழுதியும் காட்டியிருக்கிறேன். அந்தச் சொல் எங்கள் லயத்துப் பாதையில் ஏறி வந்து என் அப்பாவின் குழிமேட்டில் உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த எழுத்தாளர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தார். நல்ல ஆசிரியர். கதை, கட்டுரை எழுதுகிறவர் என்று வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தவரை நான்தான் ஒரு நாள் லயத்துக்கு அழைத்துப் போனேன். அம்மா ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவரே வர ஆரம்பித்தார். அண்ணனோடு எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் உட்கார்ந்து கதைப்பார். அண்ணன் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவரிடம்கூட இவர் பேச்சுக் கறந்துவிடுவார். அம்மாவுக்கு அவர் மேல் பெரிய மரியாதை. "சார் நம்ம காம்பராவுல குந்தி சாப்புடுறாரே" என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வருவார்கள்.

அப்பா இறந்தபோது அவர் வந்தார். வந்தது மட்டுமில்லை, பெட்டிக்குத் தோள் கொடுத்தார். மழை பெய்து பாதை வழுக்கிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறாகி, செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு தூக்கினார். அதை நான் மறுக்கவே மாட்டேன். எங்கள் வழக்கப்படி பெண்கள் பீலிக்கரையோடு நின்றுவிட வேண்டும். தண்ணீர் பிடிக்கிற அந்த இடத்தில் நாங்கள் நின்று அழுதோம். தப்பு மேளச் சத்தம் சவுக்குமேட்டுப் பக்கமாக ஏறிப் போய் நின்றுவிட்டது. அதற்கப்புறம் மேலே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ஆசிரியர் அறையில் அவரிடம் கேட்டேன்.

"அப்பாவ எந்தப் பக்கமா வச்சாங்க சார்? மரத்துக்குக் கிட்டயா? மழைத்தண்ணி போற பக்கம் இல்லையே?"

"அதைச் சொல்லேலாது ரீச்சர்" என்றார். "எனக்குள்ள அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கு. ஒருநாள் எழுதுவன்."

நான் கேட்டது சாதாரணக் கேள்வி. அண்ணனிடம் கேட்டால் அழுதுவிடுவார் என்றுதான் இவரிடம் கேட்டேன். பதில் கிடைக்கவில்லை. அம்மாதான் எனக்குப் பிறகு சொன்னார்கள். பெண்கள் பிணத்தோடு போகக் கூடாது, சும்மாவும் அங்கே ஏறக் கூடாது, ஆனால் கொழுந்து பறிக்கப் போகலாம். சவுக்குமேட்டை ஒட்டிய மலையில் கொழுந்து எடுக்கிற நாட்களில் அம்மா கூடையோடு அப்பாவைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். சாயங்காலம் வந்து முகம் கழுவும்போது, "இன்னிக்கு அப்பா பக்கமாத்தான் வேல" என்பார்கள். "மூணாவது சவுக்குக்குக் கீழ வச்சிருக்கு. தண்ணி அந்தப் பக்கம் வராது. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அவர் மாற்றலாகி ஊருக்குப் போன பின் புத்தகம் வந்தது. மலையகத்தில் அவர் இருந்த காலத்தைப் பற்றிய கட்டுரைகள். எனக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அதில் நீளமான கட்டுரை சவுக்குமேட்டைப் பற்றியது. தலைப்பு முதுகாடு.

அழகாக எழுதியிருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல். மூடுபனி, சரிவு, ஈர மண், கீழே நீர்ப்பரப்பு எல்லாம் இருந்தது. அப்பா இல்லை. 'பெயரற்ற மூதாதை ஒருவர்' இருந்தார். அண்ணன் இல்லை, 'மௌனம் சுமந்த ஆண்கள்' இருந்தார்கள். புல்லுக்குள் சிதறிக் கிடந்த ஓடுகளைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. காலத்தால் உடைந்த தாழிகளின் சில்லுகள்போல அவை மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தனவாம். அந்த ஓடுகள் எனக்குத் தெரியும். குழிக்குப் பக்கத்தில் அண்ணன் தோளில் சுமந்து சுற்றி உடைத்த குடம் அது. ஹட்டனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மண்சட்டி விற்கிற கடையில் சித்தப்பா வாங்கிக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் உடைந்தவையும் அப்படி வாங்கியவைதான். இங்கே யாரும் தாழியில் போனதில்லை. அப்பா பலகைப் பெட்டியில் போனார். மரணச் சங்கம் கொடுத்த பெட்டி.

அம்மா வாசித்துக் காட்டச் சொன்னார்கள். "சார் நம்மளப் பத்தி எழுதியிருக்காராம்ல. வாசி."

வாசித்தேன். முதுகாடு என்று வந்த இடத்திலெல்லாம் சவுக்குமேடு என்று மாற்றி வாசித்தேன். மூதாதை வந்த இடத்தில் அப்பா பெயரைச் சொன்னேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்" என்றார்கள். அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டியதுதான் அந்தப் புத்தகம்.

அவருக்கு நல்ல பெயர் வந்தது. அந்தச் சொல்லுக்கும் வந்தது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு கவிஞர் வந்து, இறம்பொடையில் தங்கி, ஒரு மத்தியானம் எங்கள் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்க் கவிதைத் தொகுப்புப் போட்டார். அதிலும் முதுகாடு. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை, கதை எழுதினார். அதிலும் முதுகாடு. எங்கள் பிள்ளைகளே எழுத ஆரம்பித்தார்கள். டயகமப் பக்கத்துப் பையன் ஒருவன் சஞ்சிகையில் எழுதிய கவிதையை நான் தேடி வாசித்தேன். சொந்தத் தாத்தாவைப் பற்றியது. அவனும் கடைசி வரியில் அந்தச் சொல்லை வைத்திருந்தான்.

அந்த வரிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. இவர்களுக்கு எங்கள் சாவு பழைய சாவாக இருக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் செத்தவனைப் பற்றி எழுதினால் எதனால் செத்தான், லொறி ஏன் நேரத்துக்கு வரவில்லை, ஆஸ்பத்திரியில் ஏன் மருந்தில்லை என்றெல்லாம் எழுத வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்தவன் என்றால் பனியைப் பற்றி எழுதினால் போதும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் யாருமே ஒரு கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து வைக்கவில்லை. நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம், இன்னும் செத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இதை ஹட்டனில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில் எழுந்து சொன்னேன். மேடையில் இருந்த விமர்சகர் ஒருவர் சிரித்தார். "ரீச்சர் சொல்லுக்கு அகராதிப் பொருள் பாக்கிறா. கவிஞன் சொல்லுக்கு ஆழம் பாப்பான்" என்றார். கை தட்டினார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். சொல்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று எனக்கும் தோன்றியது.

அந்தச் சமயத்தில் தோட்டத்துப் பழைய பங்களாவை வெளியாட்கள் குத்தகைக்கு எடுத்து உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாக மாற்றினார்கள். பங்களாவிலிருந்து தேயிலைக்குள்ளால் நடந்து போகிற பாதை ஒன்றைத் துப்புரவாக்கினார்கள். அது சவுக்குமேட்டைத் தொட்டுக்கொண்டு போகும். தண்ணீர் நன்றாகத் தெரிகிற இடம் அதுதானே. எழுத்தாளரின் கட்டுரை ஆங்கிலத்தில் ஒரு வார இதழில் வந்திருந்தது. விடுதிக்காரர்களில் யாரோ அதை வாசித்திருக்கிறார்கள். ஒரு நாள் சவுக்குமேட்டில் பலகை ஒன்று முளைத்தது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்களாம். தமிழில் 'பண்டைய முதுகாடு' என்று இருந்ததாம். முதுவுக்கு முன்னால் பண்டைய என்று இன்னொரு கிழட்டுச் சொல்.

பிறகு சுற்றிலும் கட்டை நட்டுக் கயிறு கட்டினார்கள். அண்ணன் வந்து சொன்னார். வெள்ளைக்காரர்களை அழைத்துக்கொண்டு வருகிற பையன் புல்லுக்குள் இருந்து ஓட்டுச் சில்லைப் பொறுக்கிக் காட்டுகிறானாம். அவர்கள் கையில் வாங்கிப் பார்த்துப் படம் பிடிக்கிறார்களாம்.

"சொல்லலாமேண்ணே, அது நம்ம குடம்னு."

"என்னா பாஷையில சொல்றது?" என்று கேட்டுவிட்டு அண்ணன் வெளியே போய்விட்டார்.

அம்மா இறந்தது ஒரு காலை நேரம். பென்ஷன் வாங்கி வீட்டோடு இருந்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள் எழும்பவில்லை. நான் டவுன் பாடசாலையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் முற்றத்தில் கடப்பாரையோடு நின்றார். குழி வெட்டப் போன ஆட்களை விடுதிக் காவல்காரன் திருப்பி அனுப்பிவிட்டானாம்.

தலைவரும் அண்ணனும் நானும் தோட்டத்து ஆபீசுக்குப் போனோம். தலைவர் என்றால் எங்கள் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர், அப்பாவோடு வேலை செய்தவர். புதிதாக வந்த மேனேஜர் தொரை மரியாதையாகத்தான் பேசினார். கதிரை போடச் சொன்னார். பிறகு சிங்களத்தில் சொன்னார். அந்த இடம் இப்போது தோட்டத்தின் கையில் இல்லை, விடுதிக்குக் கொடுத்த காணிக்குள் வருகிறது, அதோடு அது பழங்காலத்து இடம், அங்கே புதிதாகக் குழி வெட்டினால் பிரச்சினை வரும் என்றார்.

"பழங்காலம் இல்லீங்க தொரை" என்றார் தலைவர். "இவங்க அப்பாவ அங்கதான் வச்சோம். நானே மண்ணு போட்டேன். போன வருசம்கூட ஒரு பச்சப் புள்ளய வச்சோம்."

தொரை தன் போனை எடுத்து அந்த ஆங்கிலக் கட்டுரையைக் காட்டினார். என்னைப் பார்த்துத் தமிழில், "உங்கட ஆள் எழுதினதுதானே இது? தமிழ் எழுத்தாளர். நாங்க எழுதினது இல்லையே" என்றார்.

இந்த நாட்டில் ஓர் இடத்தைப் பழையது என்று சொல்லிவிட்டால் அங்கே இருக்கிறவர்கள் நகர வேண்டும். இது தொரைக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். பழைய இடங்களைப் பொறுப்பெடுக்கிற அரசாங்கத் திணைக்களத்தின் பெயரை அவர் சும்மா சொன்னாலே போதும். அவர் சொல்லக்கூட இல்லை. தலைவரின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எங்கதான் வைக்கிறது?" என்று கேட்டார். டவுன் மயானத்தில் இடம் பேசித் தருவதாகவும் லொறி தருவதாகவும் தொரை சொன்னார்.

ஆபீசுக்கு வெளியே வந்து நான் எழுத்தாளருக்குப் போன் எடுத்தேன். அம்மா இறந்ததைச் சொன்னதும் அவர் உண்மையாகவே உடைந்துபோனார்.

"ஐயோ ரீச்சர். அம்மான்ர கையால எத்தினை தரம் சாப்பிட்டனான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். "சார், தொரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அது பழைய எடமில்ல, அப்பாவ வைக்கிறப்ப நானும் தூக்கினேன்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. போன அவருகிட்ட குடுக்கிறேன்."

"நான் எழுதினது இலக்கியமெல்லோ ரீச்சர்" என்றார். "அதை அவங்கள் இப்பிடி எடுத்தா நான் என்ன செய்யிறது? நான் வெளியாள். தோட்ட விசயத்தில நான் தலையிட்டா உங்களுக்குத்தான் கரைச்சல்."

"ஒரு வார்த்தைதான் சார்."

"அந்தச் சொல்லை நான் எவ்வளவு மரியாதையோட போட்டனான் தெரியுமோ? உங்கட சனத்துக்கு ஒரு தொன்மை இருக்கெண்டு காட்டத்தான் போட்டனான்."

நான் போனை வைத்துவிட்டேன். அண்ணன் கொஞ்சம் தள்ளிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பினார்.

லயத்தில் பையன்கள் சிலர் கயிற்றை அறுத்துவிட்டுப் போய் வெட்டுவோம் என்றார்கள். அண்ணன் வேண்டாம் என்றார். பொலிஸ் வந்தால் அம்மா நடு முற்றத்தில் கிடக்க வேண்டிவரும். பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை போட எங்களுக்குத் தெம்பில்லை. பின்னேரம் லொறி வந்தது. கொழுந்து ஏற்றுகிற லொறி. பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். பீலிக்கரையில் நான் நிற்கவில்லை, லொறியில் ஏறிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. வழக்கமெல்லாம் மேல் நோக்கிப் போகிற பாதைக்குத்தான் போலிருக்கிறது. தப்பு அடிக்கிறவர்களுக்கு லொறியில் இடமில்லை. அவர்கள் கொஞ்சத் தூரம் பின்னால் நடந்து வந்து, வளைவில் நின்றுவிட்டார்கள்.

டவுன் மயானம் பிரதான வீதியை ஒட்டி இருக்கிறது. அம்மாவுக்குக் கிடைத்தது மதிலோரமாக ஒரு மூலை. ஒரு பக்கம் முன்னாள் தபாற்காரர் ஒருவர், மறுபக்கம் யாரென்றே தெரியாத ஒரு சிமெந்துக் கல்லறை. அம்மாவோடு பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கதைத்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை. அண்ணன் குடத்தை உடைத்ததும் காவல்காரர் வந்து, சில்லுகளைக் கூட்டி ஓரமாகப் போடச் சொன்னார். புல் வெட்டுகிற மெஷினில் மாட்டுமாம். அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நானும் பொறுக்கினேன்.

கருமாதி முடிந்து சில மாதத்தில் ஒரு சஞ்சிகையில் அவருடைய புதிய கவிதை வந்தது. கணவனுக்குப் பக்கத்தில் படுக்க இடம் மறுக்கப்பட்ட ஒரு கொழுந்துக்காரியைப் பற்றியது. முதுகாட்டின் வாசலில் அவள் காத்து நிற்கிறாள். நிறையப் பேர் அதைப் பகிர்ந்தார்கள். எனக்கே மூன்று நான்கு பேர் அனுப்பி, வாசித்துப் பாருங்கள் ரீச்சர், உங்கள் ஊர்க் கதை என்றார்கள். கவிதைக்குக் கீழே, 'எனக்கு ரொட்டி சுட்டுத் தந்த தாய்க்கு' என்று போட்டிருந்தார். தொரையிடம் சொல்ல முடியாத ஒரு வார்த்தைக்குப் பதிலாக எத்தனை வார்த்தைகள்.

அந்தக் கவிதையும் சேர்ந்த அவருடைய தொகுப்பின் வெளியீட்டுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டவரிடம் காரணமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதையே நீங்க ஒரு கட்டுரையா எழுதித் தாங்களேன், மலரில போடலாம்" என்றார்.

அண்ணன் என்னோடு பேசாமல் இல்லை. ஆனால் பேச்சுக் குறைந்துவிட்டது. எழுத்தாளரை லயத்துக்கு அழைத்து வந்தது நான்தானே. ஒரு முறை மட்டும், "அந்த மனுசன் அப்பாவத் தூக்கினாரேன்னு நான் இன்னும் கோவப்பட முடியாம இருக்கேன்" என்றார். கவ்வாத்து வெட்ட அந்த மலைக்குத்தான் இப்போதும் போகிறார். விடுதி ஆட்கள் படம் எடுக்கும்போது கொஞ்சம் விலகி நிற்கச் சொல்கிறார்களாம். விலகி நிற்கிறாராம்.

பாடசாலை விட்டு பஸ்ஸுக்கு நடக்கிற வழியில் டவுன் மயானம் இருக்கிறது. பெண்கள் வரக் கூடாது என்று சொல்ல அங்கே ஆளில்லை. சில நாட்களில் உள்ளே போய் அம்மாவின் மூலையில் நிற்பேன். வீதிச் சத்தம் காதை அடைக்கும். அப்பாவின் இடத்தை இன்னும் நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்றால் விடுதியில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்கிறார்கள்.